வெள்ளை உடுப்புக்கும் கூலி உண்டு

(சோழவந்தானில் இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நர்சுகளோட சம்பளப் பிரச்சினைக்கும் தலித் விடுதலைக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று இந்தக் கூட்டத்துக்கு வரும்போதே ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதையே பேசுவோம்.

நம்ம தெருவில் அம்மா கொடிக்காலில் வெத்தலை கிள்ளுகிறார். மகள் நர்சிங் படித்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறுகிறாள். அம்மா வாங்குவது கூலி. குறைந்தால் வரப்பில் நின்று சண்டை போடலாம். மகள் செய்வதற்குச் 'சேவை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். சேவைக்குக் கூலி கேட்டால் "உனக்கு இரக்கமே இல்லையா?" என்கிறார்கள்.

இந்த வார்த்தை நமக்குப் புதுசா? சாவு சொல்லப் போனதும், பிணம் எரித்ததும், செத்த மாட்டை இழுத்துப் போட்டதும் 'கடமை' என்றுதான் ஊர் சொன்னது. ரத்தம், மலம், சீழ் எல்லாம் தீட்டு என்று சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை நெடுங்காலம் அனுப்பாத தொழில்தான் நர்சிங். இந்தத் தொழிலுக்கு ஆரம்பத்தில் கிறித்தவப் பெண்களே அதிகம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தீட்டான வேலையை ஒருத்தர் தலையில் கட்டுவது, பிறகு அதைப் புனிதம் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது. சாதி நெடுநாளாகப் போட்டுவரும் கணக்கு இது.

அரசாங்கமும் இதே கணக்கைத்தான் போட்டது. 2012ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நாம் எம்.ஆர்.பி. என்று சொல்வது, ஏற்பட்டது. 2015ல் போட்டித் தேர்வு வைத்து 7,000க்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். நிரந்தரச் செவிலியர் பார்த்த அதே வார்டு, அதே ராத்திரி டூட்டி. சம்பளம் மட்டும் வேறு. தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில், பஞ்சாப் வழக்கில் சொன்னது. சொன்னது தாளில் இருந்தது. 2017 நவம்பர் 27 அன்று சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் கழித்து உயர் நீதிமன்றம் எழுந்திருக்கச் சொன்னது. எழுந்தார்கள், கோரிக்கையை விடவில்லை. சம்பளம் 14,000 ஆச்சு, பிறகு 18,000 ஆச்சு. யாரும் தானா எடுத்துக் கொடுக்கலை.

2020ல் கொரோனா வந்தது. கை தட்டினார்கள், ஹெலிகாப்டரில் பூத் தூவினார்கள். அந்த நேரத்தில் எடுத்த செவிலியர்களில் 2,000க்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஓடு போகச் சொல்லிவிட்டார்கள். தொகுப்பூதியத்தில் எடுத்தது அ.தி.மு.க. ஆட்சி. வீட்டுக்கு அனுப்பியது, நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தலில் வாக்குக் கொடுத்த தி.மு.க. ஆட்சி. கொடிதான் மாறுச்சு.

தனியார் மருத்துவமனைக்கு வருவோம். நான் ஆறு வருஷம் ஒன்றில் இருந்தேன், பேர் வேண்டாம். சேர்ந்த அன்னைக்கே சர்ட்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். எங்களோடு இருந்த ஒரு சிஸ்டர் கர்ப்பமானபோது, "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, பிள்ளை பெத்துட்டு வா, புதுசாச் சேத்துக்கிறோம்" என்றார்கள். புதுசா என்றால் புதுச் சம்பளம், பழைய சர்வீஸ் கிடையாது. ஆனால் எங்கள் சம்பளச் சீட்டில் மாசாமாசம் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது! முதல் ரெண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, படுத்துவிட்டால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு. இது யார் போட்ட பிச்சையும் இல்லை, நம்ம காசும் சேர்ந்தது. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதினோம். நகலில் முத்திரை வாங்கினோம். தேதி போட்ட அந்த ஒரு தாளுக்கு நிர்வாகம் பயந்தது. சிஸ்டர் விடுப்பில் போனார், அதே சம்பளத்துக்குத் திரும்பி வந்தார். எனக்கு மூணு மாசம் விடாமல் நைட் டூட்டி போட்டார்கள். அதுவும் நடந்தது, அதையும் சொல்லத்தான் வேணும். ஒருத்தி எழுதியிருந்தால் அவளை வெளியே தள்ளியிருப்பார்கள். ஒன்பது பேரைத் தள்ளினால் வார்டு நடக்காது.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்குச் சமமான சம்பளம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இது நாடு முழுக்கத்தான். கேரளத்துச் செவிலியர்கள் 2011ல் சங்கம் கட்டியிருந்தார்கள். 2017ல் தெருவுக்கு வந்தார்கள். 2018ல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்று அங்கே அரசு அறிவித்தது. பரிந்துரையை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க அவர்களிடம் சங்கம் இருந்தது.

சங்கம் என்றால் நம்ம ஆட்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. அதற்கு வரலாறும் உண்டு. 1921ல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. பம்பாய் ஆலைகளில் தறிப் பகுதிக்குள் தீண்டப்படாதவரை விடாததைச் சங்கங்கள் ஏன் கேட்கவில்லை என்று பாபாசாகேப் கேட்டார். அதே அம்பேத்கர்தான் 1928ல் பம்பாய் சட்ட மேலவையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1938 நவம்பர் 7ல், வேலைநிறுத்த உரிமையை வெட்டும் மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார். சங்கத்துக்குள் இருக்கும் சாதியைக் கேட்பதும் சங்கமாக நிற்பதும் இரண்டுமே நம்ம வேலை என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

அதனால் எங்களையும் கேளுங்கள். வார்டில் பெருக்கித் துடைக்கும் அம்மாவை, தன் தாய் வயசு என்றும் பாராமல் 'ஏய், இங்க வா' என்று கூப்பிடும் சிஸ்டர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் நம்ம தெரு ஆட்கள். நர்சுக்கு மட்டும் சங்கம், துடைப்பம் பிடிக்கிறவர் வெளியே என்றால் சேரியும் ஊரும் மருத்துவமனைக்குள்ளேயும் தனித்தனிதான்.

அடுத்தது அரசியல். 2003ல் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 அரசு ஊழியரையும் ஆசிரியரையும் ஒரே உத்தரவில் நீக்கினார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களிலும் ஆளுங்கட்சி தோற்றது. சோழவந்தான் தனித் தொகுதி. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடும் லைட்டும் மட்டும் கேட்காதீர்கள். அரசு நர்சு மேடை ஏறினால் நோட்டீஸ் வரும். அவள் அப்பனும் அண்ணனும் கேட்டால் யார் நோட்டீஸ் கொடுப்பது? "எங்க பொண்ணை எப்ப நிரந்தரம் பண்ணுவீங்க?" என்று தெருவே கேட்கட்டும்.

செய்ய வேண்டியது மூன்று. நியமன ஆணை, சம்பளச் சீட்டு, டூட்டி சார்ட் எல்லாவற்றிலும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். சங்கம் பதிய முன்பிருந்த 1926 சட்டத்திலும் 7 பேர் விண்ணப்பிக்க முடிந்தது, 2025 நவம்பர் 21ல் வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் 7 பேர்தான்; வேலை பார்ப்பவர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்கணும். அந்தக் கணக்கில் தூய்மைப் பணியாளரையும் சேருங்கள். மூணாவது, மாணவர்களுக்கு. தகவல் உரிமை மனு எழுத உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு நேரம் இல்லை. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் கொடுங்கள். நம்ம தெருவில் எத்தனை பேருக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், எத்தனை பேர் கையில் அட்டை இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாங்க. ஜெய்பீம்.