லூபஸ் நோயும் பெண்கள் சோறும்

(பேளுக்குறிச்சியில் பேசியதின் சாரம்)



சாமியைப் பற்றிப் பேசுவோமென்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று ஒரு நோயைப் பற்றியும் அதற்கேற்ற சோற்றைப் பற்றியுமே பேசப் போகின்றோம். போகப் போகச் சாமி தானாகக் குறுக்கே வந்து நின்றால் அது நம்முடைய குற்றமாகாது.

அந்நோய்க்கு லூபஸ் என்று பெயர். லத்தீன் பாஷையில் ஓநாய் என்று அர்த்தம். முகத்தை ஓநாய் கடித்தாற்போல இருக்கிறதென்று முற்கால வைத்தியர்கள் வைத்த பெயரே தவிர, ஓநாய்க்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. கிருமிகளை எதிர்ப்பதற்காக நம் உடம்பிலிருக்கும் சக்தியானது, ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குவதுதான் இந்நோய். காவலுக்கு வைத்தவன் வீட்டுக்காரனையே தடியால் அடிப்பது போலாகும். மூட்டு வீங்கும், மயிர் கொட்டும், வாயில் புண் வரும், மூக்குக்கு இருபுறமும் கன்னத்தில் பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போலச் சிவக்கும். வெயில் பட்டால் அதிகமாகும். பலருக்குச் சிறுநீரகத்தையே பிடித்துக்கொள்ளும்.

இந்நோய் கண்டவர்களில் 10-ல் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். ஆதலால் நம் நாட்டில் வைத்தியம் வருமுன்னே வேறு பெயர்கள் வந்துவிடுகின்றன. முகம் சிவந்தால் அம்மன் இறங்கியிருக்கிறாளாம். மயிர் கொட்டினால் செய்வினையாம். எழுந்திருக்க மாட்டாமல் படுத்தால் சோம்பேறியாம். ஆண்களில் இத்தனை பேருக்கு வரும் நோயாயிருந்தால் சோம்பேறி என்று பெயர் வைத்திருப்பார்களா என்று கேட்கின்றோம். பிறகு நேர்த்திக்கடன். வெயிலும் ஆகாது, வெறும் வயிற்றில் மாத்திரையும் ஆகாது என்று டாக்டர் சொன்ன பெண்ணைப் பட்டினி போட்டு, உச்சி வெயிலில் பால்குடம் தூக்க வைக்கிறார்கள். அந்தப் பாலையாவது அவள் குடித்தாளா? கல்லின் தலையில் கொட்டிவிட்டு வருகிறாள்.

சோற்று விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒன்று: ஆகாரத்தினால் மட்டும் இந்நோய் தீராது. அடக்கி வைப்பது மருந்து. ஹைட்ராக்ஸி குளோரோகுயின் என்ற மாத்திரை, மலேரியாவுக்கென்று வந்தது, இதற்கு முக்கியமான மருந்தாயிருக்கிறது. நோய் முற்றும்போது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். இது உயிரைக் காக்கும். ஆனால் நெடுநாள் சாப்பிட்டால் எலும்பை மெலிவிக்கும், சர்க்கரையை ஏற்றும், பசியைக் கிளப்பும், இரத்தக் கொதிப்பையும் கூட்டும். அதற்காக நாமாகத் திடீரென்று நிறுத்திவிட்டாலோ அதுவே ஆபத்து. ஆகாரத்தின் வேலை இங்கேதான் இருக்கிறது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து, தசைக்குப் பருப்பு, முட்டை, மீன். உப்பும் சர்க்கரையும் குறைவு. அவ்வளவுதான் சங்கதி.

இதற்குப் பணக்காரனாயிருக்க வேண்டியதில்லை. 100 கிராம் பாலில் சுமார் 120 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் கேழ்வரகிலோ சுமார் 350. இதோ தலைக்கு மேலிருக்கும் கொல்லிமலையில் கேழ்வரகும் சாமையும் தினையும் விளைந்த காடுகளில் பெரும்பாகம் மரவள்ளியாகிவிட்டது. மரவள்ளி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. காசு வருகிறது, வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆனால் அந்தக் காசில் வெள்ளை அரிசி வாங்கி மூன்று வேளையும் அதையே தின்பதால் எலும்புக்கு என்ன கிடைக்கும்?

இனி, வீட்டில் நடப்பதைப் பாருங்கள். ஆண்கள் முதலில் உட்கார்ந்து குழம்பு, பருப்பு, முட்டை எல்லாவற்றையும் முடித்து எழுந்த பின், அவளுக்கு மிஞ்சுவது பழைய சோறும் ஊறுகாயும். உடம்பிலே கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவளுக்கு வீட்டிலேயே அதிக உப்புள்ள பண்டம்! நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பிருக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் நல்ல உடம்புக்காரருக்கே சொல்லுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவைகளைத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் சந்தை மிளகையும் சீரகத்தையும் கொண்டு ருசி பண்ணிக்கொள்ளட்டுமே.

இது போதாதென்று பத்தியம் வேறு. முட்டை சூடு, மீன் கரப்பான், தயிர் குளிர்ச்சி, செவ்வாய் வெள்ளியில் ஒருபொழுது, அமாவாசையில் கவிச்சி ஆகாது! இவைகளைக் கூட்டிக் கழித்தால் வாரத்தில் அவள் வாய்க்கு எட்டும் சத்து என்ன? நோயைக் குறைக்கவா இந்தப் பத்தியம், செலவைக் குறைக்கவா? சிறுநீரகம் கெட்டிருந்தால் பருப்பு, மாமிசம், சில பழங்கள் ஆகியவற்றின் அளவை டாக்டர் சொல்லுவார். அது வேறு விஷயம். அவர் மூத்திரத்தையும் இரத்தத்தையும் சோதித்துச் சொல்லுகிறார். பஞ்சாங்கம் எதைச் சோதித்தது? நாமக்கல்லிலும் சேலத்திலும் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மூத்திரத்தில் புரதம் போகிறதா என்று பார்ப்பதற்குச் சொற்ப நேரமே பிடிக்கும். முகத்துக்கு மஞ்சள் பூசிக் காத்திருக்கும் மாதங்களில்தான் சிறுநீரகம் போய்விடுகிறது.

கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கைப் பற்றிக் கேட்பீர்கள். மூட்டு வலிக்கு அதுதான் மருந்தென்று சூப் வைத்து விற்கிறார்கள். சூடான சூப்பாகக் குடிப்பவர் குடிக்கட்டும். சித்தர் சொன்னாரென்று அதைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதைத்தான் கண்டிக்கின்றோம். சிறுநீரகம் பிடித்தவர் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கிழங்கையும் பொடியையும் தொடக்கூடாது.

இங்கிலீஷில் எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் மருந்தாகிவிடாது. ஆல்ஃபால்ஃபா என்று முளையாகவும் மாத்திரையாகவும் டானிக்காகவும் பலத்துக்கென்று விற்கிறார்கள். 1982-ல் அமெரிக்காவில் குரங்குகளுக்கு அதன் முளையைக் கொடுத்துப் பார்த்ததில் லூபஸ் போன்ற நோயே வந்தது. லூபஸ்காரர் அதைத் தொடக்கூடாதென்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். அது என்ன அபூர்வ மூலிகையோ என்று பயப்படாதீர்கள். நம் தோட்டக்காரர்கள் குதிரை மசால் என்று மாட்டுக்கு அறுத்துப் போடுகிறார்களே, அதுதான். மாடே தின்னட்டும்.