கூட்டத்துக்குள் முகத்தை மறைக்காதீர்கள்!

(ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும் சேலம் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு கேட்டு மலையிறங்கிப் போய், சேலம் கலெக்டர் ஆபீஸ் முன்பு நிற்பதென்று முடிவு செய்திருக்கிறோம். நல்ல முடிவு. ஆனால் சில தோழர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: "அத்தனை பேர் கூடுகிற இடத்தில் யாரோ ஒருவன் கல்லை விட்டெறிந்தால் அதற்கு யார் பொறுப்பு? போலீஸ் தடியைத் தூக்கினால் அதற்கு யார் பொறுப்பு?" மறுமொழியை இங்கேயே பேசித் தீர்த்துவிட்டு மலையிறங்குவோம்.

முதலில் நம்மைப் போன்ற மலைத் தொழிலாளர்களின் கதையைச் சொல்கிறேன். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். சிறையில் கிடந்த தங்கள் ஆட்களை விடுதலை செய்யச் சொன்னார்கள். திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீசை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் இறங்கியது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் தாமிரபரணி ஆறு. ஜனங்கள் எங்கே போவார்கள்? ஆற்றில் இறங்கினார்கள். 17 உயிர்கள் போயின. அதில் ஒன்று சின்னஞ்சிறு குழந்தை. "கலைந்து போ" என்று சொல்கிறவன், போவதற்கு வழி விட வேண்டாமா? வழியை அடைத்துக்கொண்டு விரட்டுவதற்கு, கூட்டத்தைக் கலைப்பது என்று பெயரா?

அடுத்து தூத்துக்குடி. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22. கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம். மறுநாளும் சுட்டார்கள். 13 பேர் மாண்டார்கள். "வன்முறைக் கும்பல், வேறு வழியில்லை" என்றார்கள் அதிகாரிகள். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் விசாரித்தது. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. முறையான எச்சரிக்கை இல்லை, ஓடுகிறவர்களை மறைந்திருந்து சுட்டார்கள் என்று அறிக்கை சொல்லிற்று. 17 போலீசார்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிற்று. அன்றைய கலெக்டரையும் அது விடவில்லை.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். "போலீஸ்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அகப்படமாட்டார்கள். இன்ன ஆள், இன்ன உத்தரவு, இன்ன துப்பாக்கி என்று கேட்டால்தான் பொறுப்பு வெளியே வரும். சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்ல ஒரு மாஜிஸ்டிரேட் வேண்டும், அல்லது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி வேண்டும். அவர் இல்லாதபோது சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒருவர் வேண்டும். மேலதிகாரி சொன்னார், சுட்டேன் என்று சொன்னால் மட்டும் தப்ப முடியாது. அந்த உத்தரவு சட்டப்படியானதாக இருக்க வேண்டும். கைது செய்கிற போலீஸ்காரர் தெளிவாகத் தெரியும்படி பெயர்ப்பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1829ல் லண்டனில் புதுப் போலீஸ் படை அமைந்தபோதே அவர்கள் காலரில் எண் போட்டார்கள். எதற்கு? தப்புச் செய்தவன் இன்னான் என்று ஜனங்கள் சொல்வதற்கு. அந்த எண்ணும் பெயரும் அலங்காரமல்ல, நமக்குள்ள உரிமை.

இனி நம் பக்கம் வருவோம். இதை மழுப்பிப் பேசக் கூடாது.

யூனிஃபாரத்துக்குள் ஒளிகிறவனைக் கேள்வி கேட்கிற நாம், கூட்டத்துக்குள் ஒளிகிறவனைத் தட்டிக் கொடுக்கலாமா? இரண்டும் ஒரே எடை என்று நான் சொல்லவில்லை. அவன் கையில் துப்பாக்கி, சம்பளம், சர்க்கார் எல்லாம் இருக்கின்றன. நம் கையில் கொடி மட்டும்தான். அதனாலேயே நமக்குக் கட்டுப்பாடு அதிகம் வேண்டும். ஒருவன் எறிந்த கல்லுக்கு ஊரே அடி வாங்குகிறது. ஐந்து பேர் கூடிச் சட்டவிரோத நோக்கத்தோடு நின்றால், ஒருவன் செய்த குற்றம் எல்லோர் தலையிலும் விழும் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 2024 ஜூலையில் பெயர் மாறிப் புதுச் சட்டமாக வந்தபோதும் அந்தப் பிரிவு போகவில்லை. சும்மா வேடிக்கை பார்த்து நின்றவன் குற்றவாளி ஆகமாட்டான் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்க அந்த ஏழை எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடப்பான்? எத்தனை நாள் கூலியை இழப்பான்?

தூத்துக்குடி வழக்குகளில் பலவற்றை 2021ல் சர்க்கார் வாபஸ் வாங்கியது. சொத்துச் சேத வழக்குகளை அந்தச் சலுகையில் சேர்க்கவில்லை. பஸ்ஸைக் கொளுத்துகிறவன் யாருடைய பஸ்ஸைக் கொளுத்துகிறான்? முதலாளி காரில் போகிறான். நம் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ் அது!

"நாம் ஒழுங்காக இருந்தால் அடிக்கமாட்டார்களா?" என்று கேட்பீர்கள். அப்படி நான் உறுதி சொல்லமாட்டேன். 1819ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்கள் வரிசை தப்பாமல், பெண்டு பிள்ளைகளோடு, அமைதியாக வந்து கூடினார்கள். குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. இந்த மலையின் அடிவாரத்தில், சேலம் சிறையில், 1950 பிப்ரவரி 11ல் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பூட்டிய சிறைக்குள் எந்தச் சாலையை மறித்தார்கள் அவர்கள்? ஒழுங்கு நமக்குக் கவசம் ஆகாமல் போகலாம். ஆனால் அது சாட்சி. அடித்தவன் நாளைக்குப் பொய் சொல்ல இடமில்லாமல் செய்வது அதுதான்.

போலீஸ் அடிக்காமலே கூட்டம் கொல்லும் என்பதையும் மறவாதீர்கள். 2025 செப்டம்பர் 27ல் கரூரில் ஓர் அரசியல் பிரசாரக் கூட்டத்து நெரிசலில் 41 பேர் மாண்டார்கள். ஜனங்களை அழைக்கிறவனுக்கு, அவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்கிற கடமையும் உண்டு. நாம் அழைக்கிறோம், ஆகவே நமக்கும் உண்டு.

ஆகையால் நாம் செய்ய வேண்டிய வேலைகள் இவை.

ஐம்பது பேருக்கு ஒரு பொறுப்பாளர். அந்த ஐம்பது பேரின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் தெரியாத ஆள் வரிசையில் நுழைந்து கல்லைப் பொறுக்கினால், அவனைச் சுற்றி உட்கார்ந்துவிடுங்கள், அடிக்காதீர்கள். தொண்டர்கள் சிவப்புப் பட்டையைக் கையில் கட்டட்டும். குடி தண்ணீர் கூடவே வரட்டும். குடித்துவிட்டு வருகிற ஆள் வீட்டிலேயே இருக்கட்டும். குழந்தைகளும் வயதானவர்களும் ஓரத்தில் நிற்கட்டும். வெளியேறும் வழி எது என்று முன்பே காட்டிவிடுங்கள். நமக்கும் போலீசுக்கும் நடுவில் ஐந்து பேர் நின்று பேசட்டும். தடி எழுந்தால் ஓடாதீர்கள், உட்காருங்கள். அதிகாரியின் பெயர், பட்டையில் உள்ள எண், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அது கல்லைவிட நல்ல ஆயுதம்.

அந்தப் போலீஸ்காரனும் பெரும்பாலும் ஒரு விவசாயக் கூலியின் மகன்தான். அவனிடம் பேசுங்கள். ஆனால் அவன் செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் அவனே பதில் சொல்ல வேண்டும் என்பதை அவனுக்குத் தெரியப்படுத்துங்கள். நாமும் அப்படியே பதில் சொல்வோம். கூட்டம் என்பது முகமில்லாத மிருகம் என்று முதலாளிகளின் பத்திரிகைகள் எழுதுகின்றன. இல்லை! இந்தக் கூட்டத்துக்கு ஆயிரம் முகம் உண்டு, ஆயிரம் பெயர் உண்டு. அந்த ஆயிரம் பேரும் பெயரோடு மலையிறங்குவோம், பெயரோடு கேட்போம், கூலியை வாங்கிக்கொண்டு பத்திரமாக மலையேறுவோம்!