பிரம்பு போன பின்பு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் கல்விக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குக் கேடயம் வழங்கி, நான்கு வார்த்தை பாராட்டிவிட்டு அமர்வது எங்கள் கல்விக்குழுவின் வழக்கம். இம்முறை, பள்ளிகளில் ஒழுக்கம் குறைந்து வருவதையும் ஆசிரியர்கள் படும் பாட்டையும் பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகம் பணித்தது. கசப்பான தலைப்பு. இதில் எங்கள் மீதே ஒரு குறை இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட எண்ணியுள்ளோம்.

நம் இராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது பாரிமுனை அரண்மனைக்காரத் தெரு. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், அங்குள்ள செயிண்ட் மேரீஸ் ஆங்கிலோ இந்தியன் மேல்நிலைப்பள்ளியில், ஆசிரியை உமா மகேஸ்வரி தம் வகுப்பறையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கத்தியை எடுத்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன், வயது பதினைந்து. அவன் படிப்பில் பின்தங்கியிருப்பதை அவனுடைய டைரியில் எழுதிப் பெற்றோருக்கு அனுப்பியதே அவன் ஆத்திரத்திற்குக் காரணம் என்று அப்போது வெளிவந்த செய்திகள் கூறின. திரைப்படத்தின் மீது பழி போட்டவர்கள் உண்டு. கைச்செலவுக்குக் கொடுத்த பணத்தின் மீது பழி போட்டவர்களும் உண்டு. அவை இருக்கட்டும். எங்கள் எண்ணமெல்லாம் அந்த டைரியிலேயே நிற்கிறது.

ஓர் ஆசிரியர் டைரியில் ஒரு வரி எழுதுகிறார் என்றால், 'இந்தப் பிள்ளையை நான் இன்னும் கைவிடவில்லை, நீங்களும் ஒரு கை பிடியுங்கள்' என்று வீட்டைப் பார்த்துக் கேட்கிறார் என்றே பொருள். நம் பகுதி வீடுகளில் அந்த வரியைப் படிப்பவர் யார்? அத்தா துறைமுகத்திலோ மணலியிலோ இரவுப் பணி முடித்துக் காலையில் உறங்குகிறார். அல்லது கண்டெய்னர் லாரியோடு எண்ணூர் சாலையில் நிற்கிறார். அல்லது கடல் கடந்து வளைகுடாவில் இருக்கிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் புரிவதில்லை. அக்கா கையெழுத்துப் போடுகிறாள். அக்காவும் இல்லையென்றால் பையனே போட்டுக்கொள்கிறான். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் தன் அத்தாவின் கையொப்பத்தை அவரைவிட அழகாகப் போட்டதை நாங்கள் கண்ணால் கண்டோம்! சிரிக்க வேண்டாம், அந்த அத்தா இந்தச் சபையில்தான் அமர்ந்திருக்கிறார்.

'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் வாத்தியாரே' என்று நம் பெரியவர்கள் சொல்லிப் பள்ளியில் விட்டுவந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலம் திரும்ப வேண்டும் என்று ஏங்குவோர் நம்மிடையே உண்டு. நாங்கள் அவர்களோடு உடன்படவில்லை. அந்தப் பிரம்பால் திருந்தியவர்களை நாம் எண்ணிச் சொல்கிறோம். அதற்கு அஞ்சிப் பாதியிலேயே படிப்பை விட்டுக் காசிமேட்டுக்கும் தோல்கிடங்குக்கும் போனவர்களை யாரும் எண்ணிச் சொல்வதில்லை. தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதி 2003ல் திருத்தப்பட்டு உடலையும் மனத்தையும் வருத்தும் தண்டனைகள் விலக்கப்பட்டன. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அதையே உறுதி செய்தது. நியாயமான சட்டம். ஆனால் பிரம்பை வாங்கிக்கொண்ட நாம், அதற்குப் பதிலாக ஆசிரியர் கையில் எதைக் கொடுத்தோம்? நாற்பது, ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே அவரைத் தனியே நிற்க வைத்திருக்கிறோம்.

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்கிறது. விலக்கு மூன்றுதான் என்றாலும் அவற்றின் பாரம் சிறிதல்ல. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவங்களோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். இதுபோக எமிஸ் பதிவுகள், நலத்திட்டப் பட்டியல்கள். தனியார் பள்ளி ஆசிரியைகளின் நிலை வேறு விதம். யார்டில் கூலிக்கு நிற்கும் தம்பி வாங்குவதைவிடக் குறைவான சம்பளத்திற்குப் பட்டம் பெற்ற பெண்கள் நம் தெருக்களில் பாடம் நடத்துகிறார்கள். அவர்களைப் பிள்ளை மதிக்கவில்லை என்று குறைப்படுகிறோம். அவன் கேட்கும்படி அவர்களை 'டீச்சரம்மா என்ன பெரிய கலெக்டரா?' என்று பேசியவர்கள் யார்?

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ல்தான் திறந்தன. மணியோசைக்கு அமர்வதும் எழுவதும் பிள்ளைகளுக்கு மறந்தே போயிருந்தது. அடுத்த ஏப்ரலில் ஆம்பூர் அருகே மாதனூரில், ரெக்கார்டு நோட்டைக் கேட்ட ஆசிரியரை மாணவன் அடிக்கப் பாய்ந்த காட்சி ஊரெங்கும் கைப்பேசிகளில் சுற்றியது. 2025 ஏப்ரல் 15 அன்று பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் பாய்ந்த ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. அந்த அம்மையார் ஒதுங்கி நின்றிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவர் ஒதுங்கவில்லை.

இனி எங்கள் குறைக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாப் பிள்ளை ஒருவன் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். வகுப்பில் வைத்திருந்த செல்போனை ஆசிரியர் வாங்கியபோது அவர் கையைப் பிடித்து முறுக்கி, சொல்லத்தகாத வார்த்தையும் சொல்லிவிட்டான். பெற்றோரை வரச் சொன்னார்கள். அத்தா சவூதியில், தாய்மாமன் ஜமாஅத் அலுவலகத்திற்கு ஓடிவந்தார். நாங்கள் ஆறு பேர் இரண்டு ஆட்டோவில் போய் இறங்கினோம். 'தெரியாமல் செய்துவிட்டான், டி.சி., போலீஸ் என்று போய்விடாதீர்கள்' என்று பேசினோம். பேசினோம் என்பதைவிட, ஆறு பேராகப் போய் நின்றோம் என்பதே சரி. தலைமையாசிரியர் புகாரைத் திரும்பப் பெற வைத்தார். அந்த ஆசிரியர்தாம் எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். அவரிடம் 'உங்களுக்கு என்ன நேர்ந்தது?' என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பையனை அவர் முன் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று மகிழ்ந்து திரும்பினோம்.

நடந்தது என்ன? அன்று முதல் அந்தப் பள்ளியில் அவனை எவரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுப்பாடம் கேட்கவில்லை; நோட்டு கேட்கவில்லை; தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்கவில்லை. டைரியில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. கடைசி பெஞ்சில் அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். பொதுத்தேர்வில் மூன்று பாடங்களில் தவறினான். மறுபடி எழுதவே இல்லை. ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறிப் போனதை ஓராண்டு கழித்தே அறிந்தோம். முகவரி தேடிப் போய் அவரைப் பார்த்தோம். வரவேற்றுத் தேநீர் கொடுத்தார். பழையதைப் பற்றி அவர் பேசவில்லை. எங்களுக்கும் வாய் வரவில்லை.

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு நெடியால் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட்டபோது, பெற்றோர் வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடிப்போய்க் கேள்வி கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். அப்படி ஓடத் தெரிந்த கால்களுக்கு, ஆசிரியர் ஒருவர் அமைதியாகக் கூப்பிடும்போது மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

எனவே கல்விக்குழு சில முடிவுகளை எடுத்துள்ளது. புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி இனி எந்தப் பள்ளிக்கும் கூட்டமாகப் போவதில்லை. தந்தை ஊரில் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி அழைப்பு வந்தால், குழுவிலிருந்து ஒருவர், ஒருவர் மட்டும், தாயின் சம்மதத்தோடு செல்வார். முதலில் ஆசிரியர் சொல்வதை முழுதாகக் கேட்பார். பிறகே பிள்ளையின் பக்கத்தைச் சொல்வார். பிள்ளை அடிக்கப்பட்டிருந்தால் அதை மூடிமறைக்கவும் மாட்டோம். எழுத்தில் புகார் தருவோம். கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய இரு எண்களும் பள்ளிவாசல் பலகையில் எழுதப்பட்டுள்ளன.

மதரஸா நேரத்திலும் நம்மிடம் தவறு இருந்தது. மாலை மக்தப் இரவு எட்டரை வரை நீண்டதால் வீட்டுப்பாடம் செய்யாமலே பிள்ளைகள் உறங்கிப் போனார்கள். காலையில் அந்தப் பழி ஆசிரியர் தலையில் விழுந்தது. ஹஜ்ரத் அவர்களே முன்வந்து ஏழரை மணிக்கு முடித்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களும் ஓர் ஆசிரியர். நாம் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்தது.

இன்னொன்று, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் இக்குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். ஆசிரியர் பற்றாக்குறையைக் கேட்கவும், கழிப்பறையைக் கேட்கவும், ஒழுங்கற்ற பிள்ளையைப் பற்றி வீட்டோடு பேசவும் சட்டமே போட்டுத் தந்த நாற்காலி அது. நம் பிள்ளைகள் படிக்கும் நான்கு பள்ளிகளில் அந்தக் குழுக் கூட்டங்களுக்கு நம் மஹல்லாவிலிருந்து தவறாமல் சென்று வருபவர் ஒரே ஒரு தாயார். அவர் பீடி சுற்றிப் பிழைப்பவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறார்.

அவரோடு துணை செல்ல விரும்பும் பெற்றோர், ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். தாய்மார்கள் தம் பெயரை மக்தப் பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்து அனுப்பினாலும் போதும். பட்டியல் இன்று காலையே மேசையில் வைக்கப்பட்டது. இந்த உரை தொடங்கும் வரை அதில் இரண்டு பெயர்கள் இருந்தன.