ஸ்பெயின் கடற்கரையில் வீடு கொள்ளல்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்துப் பிள்ளைகளுட் சிலர் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் உத்தியோகம் வகித்துப் பொருளீட்டி வருதல் தாங்கள் அறிந்ததே. குளிரும் மூடுபனியும் மிக்க அந்நாடுகளில் வாழ்வார்க்கு, ஆண்டின் பெரும்பகுதியும் வெயில் காயும் ஸ்பெயின் தேசத்துக் கடற்கரை பொன்னுலகமாகவே தோன்றுகின்றது. மாலகா, அல்மெரியா, அலிகாந்தே முதலிய பகுதிகளில் வீடு வாங்கலாமோ என்று அவர்கள் தந்தையர்க்குக் கடிதம் எழுதுகின்றனர். தமிழ்ப் பண்டிதனுக்குக் கிரய விஷயத்தில் என்ன வேலை என்று தாங்கள் வினவலாம். சொல்லுக்குப் பொருள் காண்பதே என் தொழில். பத்திரத்துச் சொல்லும் சொல்லேயன்றோ?

அந்நாட்டிலும் முதற்கண் அச்சாரம் உண்டு. விலையில் நூற்றுக்கு 10 வீதம் கொடுத்தல் வழக்கம். சிவில் சட்டத்து 1454-ஆம் பிரிவின்படி எழுதப்பெற்ற அச்சாரமாயின், வாங்குவோன் பின்வாங்கினால் அதனை இழப்பான். விற்போன் பின்வாங்கினால் இரட்டித்துத் தருவான். ஆதலின் ஆராய வேண்டுவனவெல்லாம் அச்சாரத்துக்கு முன்னரே ஆராயத்தக்கன. நம்மவரோ பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னரே வக்கீலைத் தேடுவர்.

பின்னர் நோட்டரியின் முன் பத்திரம் முடியும். அவர் அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பொது அதிகாரி. இரு திறத்தார்க்கும் நடுநிலையில் நிற்பவர். வாங்குவோனுக்காக வாதாடும் வக்கீல் அல்லர். ரிஜிஸ்தர் அலுவலகத்தில் 'நோட்டா சிம்ப்ளே' என்னும் குறிப்பு கிடைக்கும். நம் வில்லங்கச் சான்றிதழ் போல, அஃது உடையவர் யார், அடமானம் உண்டா, ஜப்தி உண்டா என்பவற்றைக் காட்டும்.

ஈண்டுத்தான் பலர் இடறுகின்றனர். உடைமை வேறு, கட்டடத்தின் அனுமதி வேறு. வில்லங்கம் சிறிதுமின்றிப் பதிவான வீடும், பயிர்நிலத்தில் முறைகேடாக எழுந்ததாய் இருத்தல் கூடும். அல்மெரியா மாகாணத்து வேரா என்னும் ஊரில், ஓய்வு பெற்ற ஆங்கிலத் தம்பதி ஒருவர், நகரசபை தந்த அனுமதியின்மேல் வீடு கட்டிக் குடியிருந்தனர். அவ்வனுமதி செல்லாதென்று ஆண்டலூசியா மாநில அரசாங்கம் வழக்காடி வென்றது. 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் வீடு இடிக்கப்பட்டது. அவ்வழக்கில் அவர்கள் தம் நியாயத்தை எடுத்துரைக்க இடம் பெறவில்லை என்று அரசியற் சட்ட நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, வீடு வரவில்லை. இடியாது எஞ்சிய மோட்டார்க் கொட்டகையில் அவர்கள் வாழ நேர்ந்தது. இதனைப் படித்த அன்று எனக்கு உணவு செல்லவில்லை. எனவே அந்நிலம் எவ்வகைத்து, குடிபுக அனுமதி உண்டா என்பவற்றை நகரசபையிலும் மாநில அரசாங்கத்திலும் ஒருங்கே வினவல் வேண்டும்.

கடலையொட்டிய வீடாயின் 1988-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டமும் உண்டு. கரை நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொது என்பது அதன் கருத்து, நன்று. ஆயின் கரையெல்லைக்குள் அகப்பட்ட பழைய வீடுகளின் உடையவர்கள், உரிமை நீங்கிக் காலவரையறையுள்ள அனுபோகமே பெற்றனர். 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வரையறை 75 ஆண்டுவரை நீளலாயிற்று. அடுக்குமாடி வீடாயின், முன்னவர் பொதுச் செலவுக்குச் செலுத்தாது விட்ட நடப்பாண்டின் பாக்கியும், அதற்கு முந்திய 3 ஆண்டுப் பாக்கியும் வீட்டின்மேல் நிற்கும். புது வீட்டுக்கு விலைக்குமேல் நூற்றுக்கு 10 வீதம் வரி. பழைய வீட்டுக்கு மாநிலந்தோறும் வேறுபடும்.

வீடு வாங்கினால் அந்நாட்டில் வாழும் உரிமையும் கிடைக்கும் என்று தரகர் சிலர் இன்னும் கூறக்கூடும். 5,00,000 யூரோ முதலிட்டு வீடு கொள்வார்க்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை அளித்தது உண்மையே. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் அது நீக்கப்பட்டது. நம் நாட்டுக் குடிகளாய் விருந்தினராகச் செல்வோர், 180 நாளில் 90 நாளே ஆண்டுத் தங்கலாம்.

ஊரிலுள்ள நன்செய்யை விற்றுப் பிள்ளைக்குப் பணம் அனுப்பக் கருதும் தந்தையார் ஒன்று அறிக. இந்தியாவில் வாழ்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பத்தக்கது, எல்லா வகைக்கும் சேர்த்து, 2,50,000 டாலரே. நன்செய்யை விலைபேசுமுன், வேரா ஊர்க் கதையைப் பிள்ளைக்கு ஒரு கடிதத்தில் எழுதுக. நகரசபையின் விடை கையில் வந்தபின் விலைபேசலாம்.