காலியாயிருந்த சாலை

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



எங்களை விட்டு நீங்காத ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் விபத்து வார்டுக்கு வெளியே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். திருமங்கலத்துக்குத் தெற்கே, நான்குவழிச் சாலையோரக் கிராமத்துக்காரர். பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய அவருடைய மனைவி மீது கார் மோதிவிட்டது. அந்த அம்மாள் பிழைக்கவில்லை என்ற செய்தியைச் சொல்லும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. அவர் அழவில்லை. "ஐயா, ரோடு காலியாத்தானே இருந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மதுரையில் நாம் எந்தச் சாலைக்குப் பயப்படுகிறோம்? கோரிப்பாளையம், சிம்மக்கல், பெரியார் பேருந்து நிலையம் என்று நெரிசலான இடங்களைத்தான் சொல்லுவோம். அங்கே உரசலும் மோதலும் உண்டு. ஆனால் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. அங்கிருந்து எலும்பு முறிவோடு வருகிறவர்களில் அநேகர் நடந்தே வீடு திரும்புகிறார்கள்.

2022ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கைப் பாருங்கள். நாட்டின் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2 சதவீதம். விபத்துச் சாவுகளில் அவற்றின் பங்கோ 36 சதவீதம். கேட்கவே பயங்கரமாயிருக்கிறது. ஆனால் நாட்டின் போக்குவரத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தை அந்தச் சாலைகளே சுமக்கின்றன என்றும் அரசு சொல்லுகிறது. போக்குவரத்தால் வகுத்துப் பார்த்தால் அந்தப் பயங்கரம் மறைந்துபோகிறது. அளவுகோலை மாற்றினால் தீர்ப்பே மாறுகிறது!

இன்னொரு அளவுகோலும் உண்டு. 100 விபத்துகளில் எத்தனை பேர் சாகிறார்கள்? தேசிய நெடுஞ்சாலைகளில் சுமார் 40 பேர். நகர, கிராமச் சாலைகள் அடங்கிய பிற சாலைகளில் சுமார் 33 பேர். ஊரடங்கு வந்த 2020ஐயும் நினைத்துப் பாருங்கள். வாகனங்கள் குறைந்தன. முந்தின ஆண்டைவிட விபத்துகள் 18 சதவீதம் குறைந்தன. சாவுகளோ 13 சதவீதம்தான் குறைந்தன. 100 விபத்துகளுக்கு 34 ஆக இருந்த சாவு 36 ஆயிற்று. சாலை காலியானபோது, நடந்த விபத்துகள் அதிகக் கொடியவையாயின.

காரணம் வேகம். 40 கிலோமீட்டர் வேகம் 80 ஆனால், மோதும் வலிமை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. மனித எலும்பு அதைத் தாங்காது.

இந்தக் கணக்குகளில் விடுபட்ட ஒன்றும் உண்டு. போக்குவரத்து என்றால் வண்டிகளையே எண்ணுகிறோம். பால் கேனோடு நடந்து கடக்கும் தாயை எந்தச் சுங்கச்சாவடியும் எண்ணுவதில்லை. நான்குவழிச் சாலை வண்டிக்காரருக்குச் சுகமான வழி. அந்தக் கிராமத்தாருக்கோ வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே ஓடும் வெள்ளம். அந்தப் பெரியவரின் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான்: சாலை காலியாயிருந்ததால்தான், ஐயா.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியும் ஆளரவமற்ற வழியே. அங்கே விழுந்து கிடந்தவனை இருவர் கண்டும் விலகிப் போனார்கள். நம்மில் அநேகர் விலகிப் போவதற்குக் காரணம் போலீஸ், கோர்ட் என்ற பயம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை நிர்ணயித்த வரம்புக்குள் இலவசம். ஆகவே தயங்காமல் 108ஐ அழையுங்கள்.

உங்கள் காணிக்கை அடிபட்டவர்களுக்குக் கட்டில் போடுகிறது. அந்தக் கட்டில் காலியாயிருப்பதே எங்கள் ஜெபம். இன்றிரவு திண்டுக்கல் பக்கமோ விருதுநகர் பக்கமோ திரும்புகிற அன்பர்களே, சாலை காலியாயிருந்தாலும், ஊர்ப் பெயர்ப்பலகையைக் கண்டவுடன் வேகத்தைக் குறையுங்கள். இருட்டில் யாரோ ஒரு தாய் கடந்துகொண்டிருக்கலாம்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.