வேலைக்கும் போகணும், புகையையும் விடணும்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றியெல்லாம் இந்த மேடையில் நிறையப் பேர் பேசியிருக்காங்க. இன்னைக்கு நான் சிகரெட்டைப் பற்றிப் பேசப் போறேன். என் வீட்டுக்காரர் அதை விட்ட கதைதான். அவர்கிட்ட சம்மதம் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். "நாலு பேருக்கு உதவும்னா தாராளமா சொல்லு" என்று அனுப்பி வெச்சிருக்கார்.

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் வேலை. 20 வருஷப் பழக்கம். ஒரு நாளைக்குப் பத்து, பதினொண்ணு ஆகும். விடணும் என்ற எண்ணம் அவருக்கு எப்பவுமே உண்டு. ஆனா தேதி மட்டும் தள்ளிக்கிட்டே போகும். பொண்ணு பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்பார். முடிஞ்சா, தீபாவளி ஆர்டர் நெருக்கடி, இப்ப வேணாம் என்பார். அது முடிஞ்சா தங்கச்சி வீட்டுக் கல்யாணம். பிரச்சினை இல்லாத ஒரு மாசம் வந்ததும் விட்டுடலாம் என்று காத்திருந்தார். நம்ம மாதிரி குடும்பத்துக்கு அப்படி ஒரு மாசம் எங்கே வருது? லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்து விடறதுக்கு நமக்கு வசதி இல்லை. வேலைக்குப் போய்க்கிட்டே, டீக்கடையைத் தாண்டிக்கிட்டே, கடன் தவணை கட்டிக்கிட்டேதான் விடணும். அது எப்படி என்பதைத்தான் சொல்லப் போறேன்.

ஒரு முறை அவருக்கு இருமல் இரண்டு வாரத்துக்கு மேலே நின்னுடுச்சு. அப்படி இருந்தா சளிப் பரிசோதனை செய்யணும் என்பது நமக்கெல்லாம் தெரியும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். காசநோய் இல்லை என்று வந்தது. அங்கே இருந்த டாக்டர் அம்மா அவரைத் திட்டவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை? எந்தெந்த நேரம்?" என்று மட்டும் கேட்டாங்க. எத்தனை என்று சொல்லிட்டார். எந்த நேரம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. "ஒரு வாரம் எழுதிட்டு வாங்க" என்றாங்க.

எழுதறது நமக்குப் புதுசா? குழுவில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதறவங்கதானே நாம. ஒரு சின்ன நோட்டு வாங்கிச் சட்டைப் பையில் வெச்சார். எந்த நேரம், எந்த இடம், யாரோட, அப்ப மனசு எப்படி இருந்தது என்று ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு வரி. ஒரு வாரத்தில் படம் மாதிரி தெரிஞ்சது. காலையில் பாத்ரூம் போகும் முன்னே ஒண்ணு. பட்டறை வாசலில் ஒண்ணு. 10 மணி டீயோட ஒண்ணு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. 4 மணி டீக்கு இரண்டு, ஏன்னா நண்பர் ஒருத்தர் வாங்கிக் கொடுப்பார். ஷிப்ட் முடிஞ்சு ஒண்ணு. மேஸ்திரி சத்தம் போட்டா கணக்கில் வராத ஒண்ணு. ராத்திரி மாடிப்படியில் ஒண்ணு. பாதிக்கு மேலே, உடம்பு கேட்டதைவிட அந்த நேரமும் இடமும் கேட்டதாலே பிடிச்சதுதான்.

உடம்பு கேட்கிறதும் பொய் இல்லை, தோழிகளே. புகையை இழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போயிடுது. வருஷக்கணக்கா அதுக்குப் பழகின மூளை, இல்லைன்னதும் சண்டை போடும். எரிச்சல், தூக்கம் வராமை, தலைவலி, அதிகப் பசி, மலச்சிக்கல், வேலையில் கவனம் நிற்காமை எல்லாம் வரும். முதல் மூன்று நாள்தான் ரொம்பக் கடுமை. இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் தணிஞ்சிடும். அந்த மூன்று நாள் வீட்டில் பாத்திரம் உருளும். "விடறேன்னு சொல்லிட்டு என் மேல எரிஞ்சு விழறாரே" என்று தோணும். காய்ச்சல்காரர் புலம்பினா நாம கோபப்படறோமா? அந்த மாதிரிதான் இதையும் எடுத்துக்கணும். அதுக்காகக் கை ஓங்கறதையோ கெட்ட வார்த்தையையோ பொறுத்துக்கணும்னு நான் சொல்லலை. எரிச்சல் வேற, அடி வேற.

தேதி வெச்சார். ஒரு திங்கட்கிழமை. வேலை நாளாகவே இருக்கட்டும் என்று அவரே சொன்னார். வீட்டில் இருந்த தீப்பெட்டி, லைட்டர், அவர் சாம்பல் தட்டற பழைய தகர டப்பா எல்லாம் ஞாயிற்றுக்கிழமையே வெளியே போச்சு. நோட்டில் இருந்த ஒவ்வொரு நேரத்துக்கும் பதிலா ஒண்ணு வெச்சோம். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர். 10 மணி டீயை வாசல் கடையில் குடிக்காம, நான் பிளாஸ்க்கில் கொடுத்ததைப் பட்டறைக்குள்ளேயே குடிச்சார். சாப்பிட்டதும் உட்காராம ஒரு நடை. பையில் வறுத்த வேர்க்கடலை, கிராம்பு, காய்ஞ்ச நெல்லிக்காய். பாக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிட்டேன். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லியிருக்கு. ஒரு பழக்கத்தை விட்டு இன்னொண்ணில் விழக் கூடாது பாருங்க.

ஆசை வந்தா ஐந்து, பத்து நிமிஷம்தான் உச்சத்தில் இருக்கும், அப்புறம் தானா இறங்கும் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தாங்க. அந்தப் பத்து நிமிஷத்துக்கு நாலு வேலை: தள்ளிப் போடறது, ஆழமா மூச்சு இழுத்து விடறது, தண்ணியை மெதுவாக் குடிக்கறது, கைக்கு வேற வேலை கொடுக்கறது. லேத்தில் நிற்கும்போது ஆசை வந்தா அவர் மெஷினை நிறுத்திட்டுத் தண்ணி குடிக்கப் போவார். கூட வேலை செய்யறவங்க கேலி பண்ணாங்க. இரண்டு வாரத்தில் கேலி நின்னுடுச்சு.

ஒன்பதாவது நாள் ஊரில் ஒரு சாவு. துக்க வீட்டில் ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணும். ஆண்கள் எல்லாம் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து பிடிக்கிறாங்க. ஒருத்தர் நீட்ட, இவரும் வாங்கிட்டார். மறுநாள் வீட்டுக்கு வந்து, "எல்லாம் போச்சு, என்னால முடியாது" என்று ஒரு பாக்கெட்டே வாங்கி வெச்சுட்டார்.

இந்த இடம்தான் முக்கியம். நம்ம குழுவில் ஒரு அக்கா ஒரு மாசம் தவணை கட்டலைன்னா என்ன பண்றோம்? குழுவையே கலைச்சிடறோமா? அவங்க இதுவரைக்கும் கட்டின பணம் எல்லாம் இல்லைன்னு ஆயிடுமா? ஏன் கட்ட முடியலைன்னு கேட்டு, அடுத்த மாசத்துக்கு வழி பண்றோம். அதைத்தான் வீட்டிலும் பண்ணினோம். ஒன்பது நாள் பிடிக்காம வேலைக்குப் போயிட்டு வந்தாரே, அது வரவு. துக்க வீடு, முழிப்பு, நீட்டின கை, அது செலவு. நோட்டில் இரண்டையும் எழுதினார். புகையை விட்டவங்களில் நிறையப் பேர் ஒரே முயற்சியில் விட்டவங்க கிடையாது. பல தடவை விழுந்து எழுந்தவங்கதான்.

இரண்டாவது தடவை உதவியோட ஆரம்பிச்சார். சிகரெட், பீடி, புகையிலைப் பாக்கெட்டில் 1800-11-2356 என்று ஒரு நம்பர் இருக்கும். 2018 செப்டம்பரிலிருந்து அதை அச்சடிக்கணும் என்பது சட்டம். கூப்பிட்டா காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். விடற தேதியைக் குறிச்சுக்கிட்டு, நடுநடுவே அவங்களே கூப்பிட்டு விசாரிப்பாங்க. இன்னொண்ணு, நிக்கோட்டின் சூயிங்கம். 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேணும். அதைச் சாதா சூயிங்கம் மாதிரி மென்னு தள்ளக் கூடாது. காரம் தெரியும் வரை மெதுவா மென்னு, கன்னத்தில் ஒதுக்கி வெச்சு, காரம் போனதும் மறுபடி மெல்லணும். டீ, காபி குடிச்சா கால் மணி நேரம் கழிச்சுத்தான் போடணும், இல்லைன்னா மருந்து சரியாச் சேராது. இருதய நோய் உள்ளவங்க, கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமத் தொடக் கூடாது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002-லேயே புகையிலையை நிறுத்த ஒரு மையம் தொடங்கினாங்க. தனியா முடியலைன்னா கேட்க ஆள் இருக்காங்க, அதுதான் நான் சொல்ல வர்றது.

இப்ப ஒண்ணரை வருஷம் ஆகுது. ஆசை அடியோட போயிடுச்சா என்று கேட்டா, இல்லை. மழை பெய்யும்போது, நைட் ஷிப்ட்டில் இரண்டு மணிக்கு, இன்னும் வரும் என்கிறார். வந்துட்டுப் போகுது. புகையை விட்டு ஒரு வருஷத்தில் மாரடைப்பு அபாயம், பிடிக்கிறவங்களுக்கு இருக்கறதில் பாதியாக் குறையுது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த ஒரு வருஷத்தை அவர் தாண்டிட்டார். இருமல் இல்லாம மூணு மாடி ஏறி வர்றார்.

பணக் கணக்கும் பார்த்துடலாம். ஒரு சிகரெட் 10 ரூபாய் என்றே வைங்க. நாளைக்கு 8 என்றால் 80 ரூபாய். மாசம் 2,400. வருஷத்துக்கு 29,200. நாம 200, 300 என்று சேர்க்கிற சேமிப்போடு இதை வெச்சுப் பாருங்க. எங்க வீட்டில் அந்தப் பணத்தைத் தனி டப்பாவில் போட்டு, பொண்ணு காலேஜ் பீஸில் ஒரு பகுதி கட்டினோம்.

இதுவரைக்கும் ஆண்களைப் பற்றிச் சொன்னேன். இப்ப நம்ம பக்கம் வருவோம். 2016-17-ல் எடுத்த அகில இந்தியக் கணக்கெடுப்பில், பெண்களில் 100-க்கு 14 பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தறாங்க என்று தெரிஞ்சது. புகைக்கிறவங்க 2 பேர்தான். மத்தவங்க வாயில் போட்டு மெல்றவங்க. வெற்றிலையோட ஒரு துண்டு புகையிலை, பல்வலிக்கென்று ஆரம்பிச்ச பொடி, கட்டட வேலையில் பசி தெரியாம இருக்க ஒதுக்கற பாக்கெட். புகை வராததாலே யார் கண்ணுக்கும் தெரியறதில்லை. அதிலேயும் நிக்கோட்டின்தான். விடும்போது அதே எரிச்சல், அதே மூணு நாள். நான் சொன்ன நோட்டும், நேரக் கணக்கும், போன் நம்பரும் அவங்களுக்கும் பொருந்தும்.

வாயில் வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு, இரண்டு வாரத்துக்கு மேலே ஆறாத புண், வாயைப் பழையபடி திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் வலி இல்லைன்னு சும்மா இருக்காதீங்க. கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. போய்க் காட்டுங்க.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும், சேமிப்பு வசூலிச்ச பிறகு ஐந்து நிமிஷம் இதுக்கு ஒதுக்கணும். விட முயற்சி பண்றது கணவராக இருக்கலாம், மகனாக இருக்கலாம், நாமளாகவே இருக்கலாம். "இந்த வாரம் எத்தனை நாள்?" என்று கேட்டால் போதும். ஏழில் நாலு என்றால் நாலுக்குக் கை தட்டுவோம். பெயர் வெளியே போகக் கூடாது. கடன் விவரத்தை எப்படிக் குழுவுக்குள்ளேயே வெச்சுக்கறோமோ, அப்படி இதையும் வெச்சுக்கணும். விழுந்தவங்களைக் கேலி பேசக் கூடாது. தலைவி அவர்கள் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பணும் என்று கேட்டுக்கிட்டு முடிக்கிறேன்.