செண்பகமும் அதன் காட்டுறவும்

வேலியோரப் பற்றைகளில், காகத்தின் பருமனுள்ள ஒரு பறவை தத்தித் தத்தி இரைதேடுவதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். உடல் கருமை, சிறகு செங்காவி, கண் குருதிச் சிவப்பு. அதுவே செண்பகம். தமிழகத்தார் அதனைச் செம்போத்து என்பர். அதற்கு இலங்கையிலே நெருங்கிய உறவினம் ஒன்று உண்டு. பச்சைச் சொண்டுச் செண்பகம் எனப்படும் அதனைக் கண்டவர் மிகச் சிலரே.

பறவை நூலார் இவ்விரண்டையும் குயிற் குடும்பத்தில், சென்ட்றோபஸ் என்னும் ஒரே சாதியில் அடக்குவர். 'முள்ளுக்கால்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பின்விரலின் நீண்ட நகத்தால் வந்த பெயர் அது. குயிற் குடும்பத்தவையாயினும், குயிலைப் போலப் பிறர் கூட்டில் இவை முட்டையிடுவதில்லை. தாமே கூடு கட்டிக் குஞ்சுகளை வளர்க்கும்.

அவ்வாறாயின் இரண்டும் ஓரினம் ஆகாவோ? ஆகா. ஊர்ச் செண்பகத்தின் சொண்டு கறுப்பு. மற்றையதன் சொண்டு வெளிறிய பச்சை. சிறகும் மங்கிய நிறமுடையது. கல்கத்தா ஆசியக் கழகத்து அரும்பொருட்சாலையின் பொறுப்பாளரான எட்வேட் பிளைத், 1849ஆம் ஆண்டில் இதனைத் தனியினமாக விவரித்தார்.

உறவால் நெருங்கிய இவை, வாழ்வால் வெகுதூரம் விலகியவை. ஊர்ச் செண்பகம் இந்தியா முதல் தென்சீனம், இந்தோனேசியா வரை பரந்துள்ளது. தோட்டம், வயல், வேலி எதுவும் அதற்கு இசையும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் அதனைக் கவலைக்குரியதன்று என்கிறது. பச்சைச் சொண்டுச் செண்பகமோ இலங்கைக்கே உரியது. தென்மேற்கு ஈரவலயக் காடுகளின் அடர்ந்த கீழ்ப்புதர்களையே நம்பி வாழ்வது. தேயிலைக்கும் இறப்பருக்கும் குடியேற்றத்துக்குமாக அக்காடுகள் துண்டு துண்டாயின. எனவே அப்பட்டியலில் அது அழிவிடர் உள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட சிங்கராசவனம் அதன் புகலிடங்களுள் ஒன்று.

இங்கே ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. ஒத்த தோற்றமுடைய பறவை ஊரெங்கும் திரியும்போது, காட்டிலுள்ளது அருகி வருவதை எவரும் உணரார். முற்றத்துச் செண்பகம் பெருகுவதால் காட்டுச் செண்பகத்தின் இழப்பு ஈடாகாது. இந்நாட்டில் அது மறையுமாயின், உலகில் வேறெங்கும் அதனைத் தேடிப் பெறல் இயலாது. ஆதலின் சொண்டின் நிறத்தைப் பிரித்தறிவது வெறும் நூலறிவன்று. காத்தலின் முதற்படியும் அதுவே.